டில்லி நகரினுள் ஒரு குன்றுத்தொடர்

திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோர் அவ்வூரின் மலை எங்குளது என்று எவரையும் வினவ வேண்டுவதில்லை. மலைக்கோட்டைப் பாறை தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தோன்றும். மதுரைக்கு யானைமலையும், சென்னைக்குப் பரங்கிமலையும் அவ்வாறே அடையாளங்களாக விளங்குகின்றன. டில்லியின் நிலை வேறு. அந்நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்தவருள்ளும், அங்கு ஒரு மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக நகரை ஊடறுத்துச் செல்கின்றது என்பதை உணராதார் பலர். சாலை சற்று மேலேறும். இருமருங்கும் முட்காடு தோன்றும். பின்னர்ச் சாலை இறங்கிவிடும். தாம் ஒரு மலையைக் கடந்தோம் என்ற எண்ணமே அவர்க்கு எழுவதில்லை.

டில்லி மக்கள் 'ரிட்ஜ்' என்று வழங்கும் இக்குன்றுத்தொடரை நாம் இக்கட்டுரையில் 'முகடு' என்று குறிப்போம். உயரத்தால் மிகச் சிறியதாயினும், டில்லியில் நகரங்கள் எழுந்த இடத்தையும், யமுனை ஓடும் வழியையும், கிணறுகளில் நீர் ஊறும் அளவையும் பெரிதும் வகுத்தது இம்முகடேயாகும். ஒரு மலையின் பெருமையை அதன் உயரத்தைக் கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நம் நாட்டில் காண்பது அரிது.

அமைப்பும் அளவும்

குஜராத்திலிருந்து இராஜஸ்தான், ஹரியானா வழியாக வடகிழக்கு நோக்கி ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவுக்கு நீண்டு கிடப்பது ஆரவல்லி மலைத்தொடர். ஆபு மலையிலுள்ள குரு சிகரத்தில் அது 1,722 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. வடக்கே செல்லச் செல்ல உயரம் குறைந்து, தொடர்ச்சி அறுந்து, இறுதியில் டில்லியின் வட எல்லையை ஒட்டி, வஜீராபாத்துக்கு அருகில் யமுனைக் கரையில் மண்ணுக்குள் மறைகின்றது. டில்லி முகடு இத்தொடரின் வால் நுனி எனலாம்.

டில்லியில் யமுனைக் கரைச் சமவெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 210 மீட்டர் உயரத்தில் உள்ளது. தெற்கே பட்டி என்னும் சிற்றூரை ஒட்டிய பகுதியில் முகடு ஏறக்குறைய 318 மீட்டர் வரை உயர்கின்றது. வடக்கே பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியிலோ சமவெளியிலிருந்து சில பத்து மீட்டர்களே எழும்புகின்றது. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர் என்பதை நினைவிற் கொண்டால், வடக்கு முகட்டின் சிறுமை எளிதில் விளங்கும்.

நிருவாக வசதிக்காக முகட்டை நான்கு பகுதிகளாகப் பிரித்துள்ளனர். வடக்கு முகடு ஏறக்குறைய 87 ஹெக்டேர். மத்திய முகடு 864 ஹெக்டேர். மெஹ்ரௌலியைச் சார்ந்த தென்மத்திய முகடு 626 ஹெக்டேர். தெற்கு முகடு 6,200 ஹெக்டேர். ஆக மொத்தம் 7,777 ஹெக்டேர். 1,483 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள டில்லி மாநிலத்தில் இது இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

டில்லிப் பகுதியின் உழவர் தம் நிலத்தை முற்காலத்தில் நான்கு வகையாகப் பகுத்து வழங்கினர். ஆற்றங்கரையின் புது வண்டல் நிலம் 'காதர்'. வெள்ளம் எட்டாத மேட்டு வண்டல் 'பாங்கர்'. மழைநீர் தேங்கும் தாழ்நிலம் 'டாபர்'. பாறையும் குன்றுமான நிலம் 'கோஹி'. நம் முன்னோர் குறிஞ்சி முதலாக நிலத்தைப் பாகுபாடு செய்ததைப் போன்றே, அங்கும் நிலத்தின் இயல்பைக் கண்டு பெயரிட்டனர் என்பது நோக்கத்தக்கது. இன்று வீடுகளும் சாலைகளும் நால்வகை நிலத்தையும் மூடிவிட்ட போதிலும், பெருமழை பெய்யும் நாளில் நீர் ஓடும் வழியும் தேங்கும் இடமும் அப்பழைய பாகுபாட்டை மீண்டும் காட்டிக்கொடுக்கின்றன.

கல்லின் வரலாறு

முகட்டின் பாறை பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் வகையைச் சேர்ந்தது. தொன்மையான நீர்ப்பரப்பின் அடியில் மணல் அடுக்கடுக்காகப் படிந்து முதலில் மணற்கல்லாயிற்று. பின்னர்ப் புவியினுள் ஏற்பட்ட அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மணல் துகள்கள் ஒன்றோடொன்று இறுகி, உடைத்தற்கரிய குவார்ட்சைட்டாக உருமாறின. இடையிடையே களிமண் படிவுகள் இருந்த இடங்களில், அவை அபிரகம் மின்னும் மெல்லிய ஏட்டுப் பாறைகளாயின. இம்மாற்றங்கள் நிகழ்ந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. நிலவியலார் இப்பாறைகளை 'டில்லி' என்ற பெயராலேயே வழங்கப்படும் பெருந்தொகுதியில், அல்வார் பிரிவில் சேர்ப்பர்.

இமயமலை இதனோடு ஒப்பிடத்தக்க வயதினதன்று. இந்திய நிலப்பகுதி ஆசியாவோடு மோதி இமயம் எழத் தொடங்கியது ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னரேயாம். ஆரவல்லி அதற்கு எத்துணையோ காலம் முன்பே உயர்ந்து, மழையாலும் வெயிலாலும் காற்றாலும் தேய்ந்து, குன்றாகக் குறுகிவிட்டது. ஆகவே முகட்டின் குறைந்த உயரம் அதன் முதுமையின் அடையாளமாகும்.

இமயத்திலிருந்து யமுனை கொணர்ந்த வண்டல் முகட்டின் இருபுறமும் படிந்தது. குன்றின் அடிவாரத்தில் சில மீட்டர் ஆழத்திலேயே பாறை எதிர்ப்படும். அதனை விட்டு விலகிச் செல்லின், வண்டலின் கனம் சில இடங்களில் நூறு மீட்டரையும் விஞ்சும். நாம் கண்ணாற் காணும் முகடு, வண்டலில் புதையுண்ட ஒரு பெரு மலையின் மேற்பகுதி மட்டுமே.

நீரும் குன்றும்

முகடு ஒரு நீர்ப்பிரி மேடாகும். அதன் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை யமுனையை நோக்கி ஓடும். மேற்குச் சரிவில் பெய்யும் மழை நஜஃப்கட் தாழ்நிலத்தை நோக்கி ஓடும். அத்தாழ்நிலத்து நீர் முகட்டை ஊடறுத்துச் செல்ல இயலாமையால், அதன் வடகோடியைச் சுற்றிக்கொண்டு சென்று வஜீராபாத்துக்கு அருகில் யமுனையில் கலக்கின்றது. யமுனையும் காலந்தோறும் தன் போக்கை மாற்றிவந்த ஆறேயாயினும், டில்லியில் மேற்கு நோக்கி அது அகன்று செல்லாதவாறு இக்கடும்பாறை தடுத்து நிற்கின்றது. வெள்ளத்திற்கு எட்டாத மேடும், வற்றாத ஆறும் அண்மையில் அமைந்தமையால், முகட்டுக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட முக்கோண நிலத்தில் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

டில்லியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 750 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடும். அம்மழை பாறைச் சரிவில் விரைந்தோடும் இடத்தில் கரைகட்டித் தேக்குவதே பண்டைய அரசர் கையாண்ட முறை. ஏரிப் பாசனத்தில் வளர்ந்த தமிழ்நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தெற்கே அனங்கபூர் அணையும், சூரஜ்குண்டு என்னும் குளமும் தோமர் மன்னர் காலத்தன என்பர். சுல்தான் இல்துத்மிஷ் ஏறக்குறைய 1230-இல் மெஹ்ரௌலியில் ஹௌஸ்-இ-ஷம்சி என்னும் ஏரியை வெட்டுவித்தார். 14ஆம் நூற்றாண்டில், முகம்மது பின் துக்ளக்கின் காலத்தில், சத்புலா என்னும் கற்கட்டு எழுந்தது. குன்றிலிருந்து இறங்கிவந்த ஓடையின் நீரை அதன் ஏழு கண்களில் பலகையிட்டு அடைத்தும் திறந்தும் வந்தனர். நம் ஏரிகளின் மதகுகளைப் போன்றதே அவ்வமைப்பு.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை ஒரு செய்தியைத் தெளிவாக அறிதல் வேண்டும். குவார்ட்சைட் தன்னளவில் நீரை உறிஞ்சும் கல் அன்று. அதன் வெடிப்புகளின் வழியாகவும், பாறை சிதைந்த பகுதிகளின் வழியாகவுமே நீர் கீழிறங்கும். சரிவில் வழிந்தோடும் மிகுதி நீர் அடிவாரத்து மணற்பாங்கான மண்ணில் சென்று ஊறும். ஆகவே குன்றின் உச்சியைக் காத்து, அடிவாரத்தைச் சிமென்டினால் மூடிவிட்டால், நீர் ஊறும் பயன் பெரும்பாலும் அற்றுப்போம். மலையைக் காத்தல் என்பதில் மலையடியைக் காத்தலும் அடங்கும்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். இம்முகடு இல்லையேல் டில்லி பாலைவனமாகிவிடும் என்று சிலர் கூறுவதுண்டு. இது மிகைப்பட்ட கூற்று. சில பத்து மீட்டர் உயரமுள்ள குன்று, கோடையில் மேற்கிலிருந்து வீசும் 'லூ' என்னும் வெங்காற்றைத் தடுத்து நிறுத்திவிட இயலாது. எனினும் முகட்டின் மீதுள்ள மரச்செறிவு தூசியை ஓரளவு படியச் செய்கின்றது. சுற்றுப்புறத்தின் வெப்பத்தையும் தணிக்கின்றது. உள்ள பயனை உள்ளவாறே கூறுதல், மிகைபடக் கூறுவதைவிட மலைக்கு நன்மை பயக்கும்.

கற்கருவி முதல் கோட்டை வரை

முகட்டின் மீது மனிதன் நடமாடத் தொடங்கியது வரலாற்றுக்கு மிக முற்பட்ட காலத்தில். தெற்கே அனங்கபூரிலும், வடக்கு முகட்டிலும், பழைய கற்காலத்துக் கருவிகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கடினமானதும், உடைத்தால் கூரிய விளிம்பு தருவதுமான குவார்ட்சைட் அம்மக்களுக்கு வாய்ப்பான கல்லாக அமைந்தது.

தெற்கு டில்லியில் பஹாபூர் என்னுமிடத்தில், ஆரவல்லிப் பாறையொன்றின் மீது அசோகரின் சிறு பாறைக் கல்வெட்டு ஒன்று பொறிக்கப்பட்டிருப்பது 1966-இல் கண்டறியப்பட்டது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இவ்வழியே மக்கள் போக்குவரவு இருந்தது என்று கருதுவதற்கு அது இடந்தருகின்றது.

11ஆம் நூற்றாண்டில் தோமர் மன்னர் முகட்டின் தென்பகுதியில் லால் கோட் என்னும் கோட்டையை எழுப்பினர். 1321-க்கும் 1325-க்கும் இடையில் கியாசுதீன் துக்ளக் பாறை மேடொன்றைத் தேர்ந்து துக்ளகாபாத் கோட்டையைக் கட்டுவித்தார். அதன் சாய்ந்த பெருமதில்கள் அம்மேட்டின் கல்லாலேயே ஆனவை. எங்கே பாறை முடிகின்றது, எங்கே மதில் தொடங்குகின்றது என்று கூற இயலாத இடங்கள் இன்றும் அங்குள. ஷாஜஹான் தம் புதுநகரை ஆற்றங்கரையை ஒட்டி அமைத்தபோதும் குன்றை மறந்தாரல்லர். 1656-இல் முற்றுப்பெற்ற ஜும்மா மசூதி, போஜ்லா பஹாடி என்னும் பாறைத் திட்டின் மீது நிற்கின்றது. பஹாட்கஞ்ச், ஆனந்த் பர்பத், பஹாடி தீரஜ் முதலிய இடப்பெயர்களும் மறைந்துபோன மேடுகளை நினைவூட்டுவன.

14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் வடக்கு முகட்டில் வேட்டை மாளிகை ஒன்றை அமைத்து, மீரட்டிலிருந்து கொணர்ந்த அசோகர் தூண் ஒன்றை அங்கு நிறுவினார். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிவிபத்தொன்றில் அத்தூண் துண்டு துண்டாயிற்று. பின்னர் 1867-இல் துண்டுகளை இணைத்து மீண்டும் நாட்டினர். இன்றும் அது முகட்டின் மீது நிற்கின்றது.

1857-இல் முகடு

வடக்கு முகட்டின் பெயர் நாட்டு வரலாற்றில் ஆழப் பதிந்தது 1857-இல். அவ்வாண்டு மே 11-ஆம் நாள் மீரட் வீரர்கள் டில்லியை அடைந்தபோது, ஆங்கிலக் குடும்பங்கள் முகட்டின் மீதுள்ள கொடிமரக் கோபுரத்தில் சென்று கூடின. 1828-இல் கட்டப்பட்ட அக்கோபுரம் இன்றும் உள்ளது. ஜூன் 8-ஆம் நாள் பாத்லி-கி-சராய் போருக்குப் பின், ஆங்கிலப் படை முகட்டைக் கைப்பற்றியது. அங்கிருந்து செப்டம்பர் 14-ஆம் நாள் வரை நகரின் மதில்களை நோக்கிப் பீரங்கிப் போர் நடந்தது.

உயரம் சிறிதேயாயினும், மதிலுக்கு வெளியே நகரை நோக்கி நின்ற மேடு அதுவொன்றே. பாறையின் மறைவும், முகாமின் பின்புறம் ஓடிய நஜஃப்கட் கால்வாயின் நீரும் முற்றுகையிட்டோர்க்குத் துணையாயின. எனினும் வெயிலும் காலராவும் அவர்களைப் பெரிதும் வாட்டின. படைத்தலைவர் பர்னார்டு ஜூலை 5-ஆம் நாள் காலராவினால் மாண்டார். போர் முடிந்தபின் ஆங்கில அரசு முகட்டில் எழுப்பிய நினைவுச் சின்னத்திற்கு, 1972-இல் 'அஜீத்கட்' என்று பெயர் மாற்றப்பட்டது. அவ்விடத்தில் தம் நாட்டு விடுதலைக்காகப் போரிட்டவர்களின் நினைவும் போற்றப்படுதல் முறையன்றோ?

ரைசினாக் குன்று

1911 டிசம்பர் 12-ஆம் நாள், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அறிவித்தார். சில நாள்களில் வடக்கே அடிக்கல்லும் நாட்டப்பட்டது. ஆனால் 1912-இல் வந்த நகரமைப்புக் குழுவினர் அவ்விடத்தை ஏற்றிலர். ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் வெள்ளத்திற்கும் மலேரியாவுக்கும் இலக்காயிருந்தது; விரிவுக்கு இடமும் போதாதிருந்தது. பின்னர் முகட்டின் கிழக்குச் சரிவை ஒட்டிய ரைசினாக் குன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. சுற்றியுள்ள நிலத்தினின்றும் அது ஏறக்குறைய 18 மீட்டரே உயர்ந்தது. ரைசினா, மால்சா முதலிய சிற்றூர்களின் நிலம், 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு உழுதுவந்த மக்கள் வேற்றிடம் பெயர்ந்தனர். இன்று 'ரைசினா' என்ற சொல் அரசாங்கத்தைக் குறிப்பதாயிற்று. அப்பெயரையுடைய சிற்றூர் ஒன்று அங்கிருந்தது என்பதை நினைப்பார் சிலரே.

குன்றின் உச்சி வெடிவைத்துச் சமனாக்கப்பட்டது. சிற்பியர் லட்யன்ஸ், பேக்கர் ஆகிய இருவர்க்குமிடையே அங்கு எழுந்த பூசல் யாவரும் அறிந்ததே. வைஸ்ராய் மாளிகையும், இரு செயலகக் கட்டடங்களும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு திட்டமிட்டனர். அதனால் மாளிகை சற்றுப் பின்னே தள்ளப்பட்டது. சாலையின் ஏற்றம் குறைக்கப்படாமையால், கீழே சதுக்கத்தில் நின்று நோக்குவார்க்கு மாளிகையின் கீழ்ப்பகுதி மறைந்து, கவிகைமாடம் மட்டுமே தோன்றும் நிலை உண்டாயிற்று. லட்யன்ஸ் எவ்வளவோ முயன்றும் அது மாற்றப்படவில்லை. 1931-இல் புதுடில்லி திறந்துவைக்கப்பட்டது. 1950 முதல் அம்மாளிகை குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்குகின்றது. இன்றும் விஜய் சௌக்கில் நிற்பவர் அக்காட்சியைக் காணலாம். பதினெட்டு மீட்டர் உயரமுள்ள மேட்டின் சரிவு ஒரு பேரரசின் கட்டடத் திட்டத்தையே மீறி நின்றது.

நட்ட காடும் நாட்டுக் காடும்

முகட்டின் இயற்கைத் தாவரம் வறண்ட முட்காட்டு வகையைச் சார்ந்தது. நாம் வெள்வேல் என்னும் மரம், வேனிலில் செந்தீப்போல் பூக்கும் புரசு, இலந்தை வகைகள், இலைகள் மிகக் குறைந்த கரீர் என்னும் புதர், பாறைச் சரிவில் பற்றி வளரும் தௌ என்னும் மரம் முதலியன அங்கு உரியன. மயில், நரி, நீலான் ஆகியவை அங்கு வாழ்வன. மழைக்குப்பின் புல் செழித்துப் பசுமை தோன்றும். கோடையில் யாவும் உலர்ந்து, பாறை வெளித்தோன்றும். அதனைக் கண்ணுற்ற ஆங்கில அதிகாரிகள் பாழ்நிலம் என்று கருதினர். ஆண்டு முழுதும் பசுமையான குன்றே தலைநகரத்திற்கு அழகு என்பது அவர் எண்ணம்.

1880-களிலேயே வடக்கு முகட்டில் மரம் நடும் முயற்சி தொடங்கிற்று. 1913-இல் மத்திய முகட்டின் பெரும்பகுதி காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. மேய்ச்சலும் விறகு வெட்டலும் தடுக்கப்பட்டன. பாறை நிலத்தில் நாட்டு மரங்கள் மெல்ல வளர்வனவாதலின், விரைந்து வளரும் அயல்நாட்டு மரமொன்றை அங்குப் பரப்பினர். டில்லியில் 'விலாயதி கீகர்' எனப்படும் அம்மரம், நம் இராமநாதபுரம் மாவட்டத்தாரும் பிற வறண்ட பகுதியினரும் நன்கறிந்த சீமைக் கருவேலமே.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870-களில் இந்தியாவுக்கு வந்த இம்மரம், வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும். வேரை ஆழச் செலுத்தும். வெட்டினும் அடியிலிருந்து தழைக்கும். கால்நடைகள் அதன் இனிய காய்களை உண்டு, விதைகளைச் சாணத்தோடு எங்கும் பரப்பும். அதன் நிழலிலும் சருகிலும் பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை. விறகும் கரியும் தந்து ஏழையர்க்கு அது உதவியதை மறுக்கவியலாது. ஆயினும் முகட்டின் பெரும்பகுதியில் நாட்டு மரங்களின் இடத்தை அது கவர்ந்துகொண்டது. வானத்திலிருந்து நோக்கினால் காடு அடர்ந்து பசுமையாகத் தோன்றும். உள்ளே சென்று எண்ணினால் மரவகைகள் சிலவே இருக்கும். பசுமையின் பரப்பை மட்டும் அளந்து காட்டின் நலத்தைக் கூறலாகாது என்பதைக் களப்பணியாளர் கருத்திற் கொள்வாராக.

இதனைத் திருத்துதற்கு டில்லிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் அறிஞர்கள் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. சீமைக் கருவேலத்தை ஒருசேர வெட்டி எறிவதில்லை. அவ்வாறு செய்யின் மண் அரிக்கும். அடிக்கட்டையும் மீண்டும் தழைக்கும். மேற்கிளைகளைக் கழித்து ஒளி புகவிட்டு, அடியில் நாட்டு மரக்கன்றுகளையும் புற்களையும் நட்டு, அவை ஓங்கி வளர்ந்து நிழல் பரப்புமாறு செய்கின்றனர். ஒளியை விரும்பும் கருவேலம் அந்நிழலில் நாளடைவில் நலிகின்றது. வசந்த விஹாரை ஒட்டி, முன்பு கல் வெட்டிய குழிகளாகக் கிடந்த நிலம் ஆரவல்லி உயிர்வளப் பூங்காவாக மாறியது இத்தகைய பொறுமையான முயற்சியின் பயனே.

வெட்டுண்ட பாறை

மரம் போனால் மரம் நடலாம்; பாறை போனால் செய்வதென்ன? தெற்கு முகட்டின் துயரம் இதுவே. சிதைந்த குவார்ட்சைட்டிலிருந்து கிடைக்கும் செந்நிறக் கரடுமணலை டில்லிக் கட்டடத் தொழிலாளர் 'பதர்பூர்' என்பர். நகரம் பெருகப் பெருக அம்மணலுக்கும் கல்லுக்கும் தேவை மிகுந்தது. பட்டி முதலிய இடங்களில் குன்று இருந்த இடத்தில் ஆழ்குழிகள் தோன்றின. அவற்றுள் சில நிலத்தடி நீர்மட்டத்தையும் தொட்டு, நீர் தேங்கிய ஏரிகளாயின. அங்கு உழைத்த தொழிலாளருள் பலர் வெளியூர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழையர். பாறைச் சரிவுகளில் உயிரிழந்தாரும் உளர்.

1990-இல் பட்டிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. 1986-இல் அறிவிக்கப்பட்ட அசோலா வனவிலங்குப் புகலிடத்தோடு, 1991-இல் பட்டியும் சேர்க்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் பிராந்திய இராணுவத்தின் சூழலியல் படைப்பிரிவு ஒன்று அக்குழி நிலத்தில் மரம் வளர்க்கும் பணியை மேற்கொண்டது. குழிகளில் தேங்கிய நீரை நாடிப் பறவைகள் வந்தன. அண்மை ஆண்டுகளில் தானியங்கு நிழற்படக் கருவிகளில் சிறுத்தைகளும் பதிவாகியுள்ளன. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரின் எல்லைக்குள் சிறுத்தை உலவுதற்கு, தெற்கே ஹரியானா வரை தொடர்ந்து செல்லும் ஆரவல்லிக் காடே காரணமாகும். அத்தொடர்ச்சி அறுபட்டால் புகலிடம் ஒரு தீவாகிவிடும்.

சட்டமும் அளவுகோலும்

1994 மே மாதத்தில் முகட்டின் 7,777 ஹெக்டேரும், 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்து நான்காம் பிரிவின்கீழ்க் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டன. மறு ஆண்டு முகட்டின் மேலாண்மைக்கென வாரியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆனால் நான்காம் பிரிவின் அறிவிப்பு முதற்படியே. எல்லையை அளந்து, உரிமைகளை விசாரித்து, இருபதாம் பிரிவின்கீழ் இறுதி அறிவிக்கை செய்யும் வேலை பல்லாண்டுகள் தாமதமாயிற்று. எல்லைக் கல் நடப்படாத காட்டில் வீடு எழுவதும் சாலை அகல்வதும் எளிது. 2024-இல் தெற்கு முகட்டில் ஒரு சாலையை அகலப்படுத்துதற்காக அனுமதியின்றி மரங்கள் வெட்டப்பட்டன. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதனை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்தது.

2025-இல் அளவுகோல் பற்றிய வினாவே எழுந்தது. சுற்றியுள்ள நிலத்தினின்றும் 100 மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த நிலவடிவமே, சுரங்கத் தொழிலை முறைப்படுத்தும் நோக்கில் ஆரவல்லிக் குன்று எனக் கொள்ளப்படும் என்ற வரையறையை உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு நவம்பரில் ஏற்றது. நாடெங்கும் விவாதம் எழுந்தது. டிசம்பர் இறுதியில் நீதிமன்றமே அவ்வாணையை நிறுத்திவைத்தது. இவ்வழக்கின் சட்ட நுணுக்கங்கள் இக்கட்டுரைக்குப் புறம்பானவை. விஞ்ஞான நோக்கில் ஒன்றை மட்டும் கூறலாம். முற்கூறிய உயரங்களை இவ்வளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பின், டில்லி முகட்டில் பெரும்பகுதி குன்றென்ற பெயரையே இழந்துவிடும். ஆனால் அதே தாழ்ந்த பாறைதான் யமுனையை அணைத்து நிற்கின்றது, மழைநீரைப் பகுத்தனுப்புகின்றது, அடிவாரக் கிணறுகளுக்கு நீரூட்டுகின்றது. உயரத்தை அளக்க ஒரு கருவி போதும். மலை செய்யும் பணியை அளக்க நீரையும் பாறையையும் மண்ணையும் உயிரினங்களையும் ஒருங்கே ஆராய வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

டில்லி முகட்டைப் பற்றிய இச்செய்திகள் தொலைவிலுள்ள தமிழ்நாட்டு ஆசிரியர்க்கு எவ்வகையிற் பயன்படும் என்று வினவலாம். ஒவ்வோர் ஊருக்கும் அருகே ஒரு கரடோ, பாறையோ, மேடோ இருத்தல் கூடும். மாணவரை அங்கு அழைத்துச் சென்று சில எளிய வினாக்களுக்கு விடை தேடச் செய்யலாம். இக்கல் எவ்வகையைச் சார்ந்தது? மழைநீர் எப்பக்கம் இறங்கி எந்தக் குளத்தை அடைகின்றது? அவ்வழி இன்று திறந்துள்ளதா, அடைபட்டுள்ளதா? நாட்டு மரங்கள் எத்தனை, சீமைக் கருவேலம் எத்தனை? முதியோர் அக்கரட்டை எப்பெயரால் வழங்குகின்றனர்? விடைகளை ஒரு குறிப்பேட்டில் நாளும் இடமும் குறித்து எழுதி வைத்தால், பத்தாண்டுகள் கழித்து அதுவே அவ்வூருக்கு அரிய ஆவணமாகும்.

களப்பணியாளர்க்கும் ஒரு வேண்டுகோள். குன்றின் எல்லையை வரையும்போது பாறை முடியும் இடத்தோடு நிறுத்தற்க. அடிவாரத்தில் நீர் ஊறும் மண்ணையும், ஓடைகளின் வழியையும் சேர்த்தே வரைபடத்தில் குறிக்க. முகட்டில் நேர்ந்த இழப்புகளுள் பல, எவரும் குறித்து வைக்காத நிலத்திலேயே முதலில் நிகழ்ந்தன. டில்லியில் எல்லைக் கற்கள் காலத்தில் நடப்பட்டிருப்பின், இன்று நீதிமன்றங்களில் நடைபெறும் வாதங்களுள் பல எழுந்தேயிரா.